ரிங்லெட்டில் வீடு எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்

கிள்ளானிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கேமரன் மலைக்கு, ரிங்லெட் பக்கம் மாற்றல் வந்திருக்கிறது. வீட்டில் கணவர், நாலு வயது மகன், ஆஸ்துமா உள்ள மாமியார். ஊர் எப்படி, குடும்பத்தோடு வந்து இருக்க முடியுமா, வீட்டை ரிங்லெட்டில் எடுப்பதா தானா ராத்தாவில் எடுப்பதா என்பது கேள்வி.

வாருங்கள், ரிங்லெட்டிலேயே எடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எந்தச் சரிவில் எந்த வீடு என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் இங்கே தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன், இருபது வருடத்துக்கு மேல் காய்கறி லோரி ஓட்டியவன், இப்போதும் ரிங்லெட்டில்தான் இருக்கிறேன்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில் ஏறினால் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு வளைவுமேல் வளைவு. வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி, அதைச் சுற்றிப் பூர்வகுடி மக்களான செமாய்க்காரர்கள் பெத்தாய் அவரையும் தேனும் மூங்கிலும் விற்கும் தட்டிக் கடைகள், அப்புறம் காடு, காடு, காடு. பேராக் மாநிலம் முடிந்து பஹாங் எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே ரிங்லெட். மலை ஏறுகிறவர்களுக்கு முதல் ஊர் இதுதான், ஆனால் பெரும்பாலோர் கழிப்பறைக்கும் ஒரு தே தாரிக் டீக்கும் நிறுத்திவிட்டு மேலே போய்விடுவார்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. இன்னும் 13 கிலோமீட்டர் போனால் தானா ராத்தா, அது ஏறக்குறைய 1,440 மீட்டர், அதற்கும் மேலே பிரிஞ்சாங். தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம், பெயருக்கேற்ற மாதிரி அங்கே கொஞ்சம் அகலமான தரை உண்டு. ரிங்லெட்டில் அது கிடையாது. பள்ளத்தாக்கின் அடியில் கடைத்தெரு, மற்றதெல்லாம் சரிவு. இருக்கிற சரிவிலும் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம்.

வரைபடத்தில் இது பஹாங். ஆனால் நாங்கள் வாழ்வது பேராக் பக்கம் பார்த்துத்தான். பெரிய ஆஸ்பத்திரி, தீபாவளித் துணி, கல்யாண நகை, காடிக்கு (காருக்கு) டயர், எல்லாவற்றுக்கும் ஈப்போ, இல்லாவிட்டால் தாப்பா, பீடோர். தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டில் ஈப்போ கல்லுமலைக்குத்தான் போவோம். வெகுகாலம் வரை கேமரன் மலையிலிருந்து பஹாங்கின் மற்ற ஊர்களுக்குப் போக வேண்டுமென்றால்கூட பேராக்குக்குள் இறங்கித்தான் போக வேண்டும், நேர் சாலையே கிடையாது. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் பக்கம் இறங்கும் சாலை வந்த பிறகுதான் பஹாங் ஊர்களான லிப்பிஸும் ரவூப்பும் எட்டும் தூரத்துக்கு வந்தன. உங்கள் இலாகா வேலைகள் பஹாங் பக்கம் இழுக்கும், அன்றாடம் பேராக் பக்கம் இழுக்கும், இதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கும் இதே கதைதான், இதைச் சொல்லாமல் ரிங்லெட்டைச் சொல்ல முடியாது. இங்கே ஓடும் பெர்த்தாம் ஆறு இயற்கையாகக் கிழக்கே போக வேண்டியது. தெலோமில் சேர்ந்து, ஜெலாயில் சேர்ந்து, பஹாங் ஆறாகிப் பெக்கானில் தென்சீனக் கடலில் விழ வேண்டும். 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை அந்த ஆற்றை ரிங்லெட்டில் பிடித்து ஏரியாக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்கே பேராக் பக்கம் தள்ளிவிடுகிறது. அங்கே ஜோர் என்ற இடத்தில் மின்சாரம் எடுத்துவிட்டு பாத்தாங் பாடாங் ஆற்றில் விடுகிறார்கள், அது கடைசியில் மலாக்கா நீரிணைக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் இன்னொரு கடலுக்குப் போகிறது! சின்ன வயதில் அப்பா ஏரிக்கரையில் நின்று இதைச் சொன்னபோது நான் நம்பவே இல்லை. பக்கத்து ஊரான ஹாபுவுக்குப் போகிற வழியில் சாலையோரமாகவே அந்த ஏரியைப் பார்ப்பீர்கள். மழைக்கு அடுத்த நாள் போனால் பால் காப்பி நிறத்தில் இருக்கும். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், வீடு பார்ப்பதற்கு அதுதான் முக்கியம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைகளைப் பற்றி எழுதிவைத்தார், அவர் பெயர்தான் நின்றுவிட்டது. நாற்பது வருடம் அப்படியே கிடந்தது. 1925 வாக்கில் ஜார்ஜ் மெக்ஸ்வெல் துரை வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் இளைப்பாற மலைநகரம் அமைக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931இல் முடிந்தது. சாலை முடிவதற்கு முன்னாலேயே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். சிலோனில் தேயிலை பார்த்த மில்ன் என்பவர் அவருக்குத் துணை. 1933இல் பாரத் தேயிலை வந்தது. இந்தப் பெயர்களையெல்லாம் சுற்றுலாப் பலகையில் படிக்கலாம். காட்டை வெட்டி, செடி நட்டு, கூடை சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களில் பெரும்பங்கு நம்மவர்கள். இன்று ஹாபு பக்கம் மலையெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி தெரிகிறதே, அதில் பல செடிகள் அந்தக் காலத்தில் நட்டவை, இன்னும் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கின்றன. சும்மா விட்டால் தேயிலை மரமாகவே வளர்ந்துவிடும், கவாத்து வெட்டி வெட்டித்தான் இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

அம்மா கொழுந்து எடுத்தவர். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரம். பசியாறுவதற்கு முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மற்ற ஊர்களில் புளிக்கும், இங்கே குளிரில் புளிக்காது, அதனால் சுடச்சுட மீகூனோ (அரிசிச் சேமியா) ரொட்டியோ செய்து மங்குப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு போவார். இடுப்பில் சாக்கு, அதற்கு மேல் பிளாஸ்டிக் துணி, ஏனென்றால் காலையில் செடிக்குள் இறங்கினால் பனியில் தொடை வரை நனைந்துவிடும். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பாட்டு மாதிரி சொல்வார்கள், ஆனால் கை அதைப் பார்த்துக் கிள்ளுவதில்லை, விரல் நுனிக்கு இளசு எது முற்றல் எது என்று தெரியும், முற்றிய காம்பு கிள்ளும்போது முறியாமல் நாராக இழுக்கும். முற்றல் கலந்திருந்தால் எடை போடும் இடத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், கழித்துவிடுவார். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், அம்மா முதுகில் வந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் கடைசியில் பொட்டலத்துக்குப் போகும். அவருடைய வலது கட்டை விரலின் ஓரம் கடைசி வரை பழுப்பாகவே இருந்தது, எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிற்பாடு தட்டு வைத்த கத்தரி வந்தது, அப்புறம் ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம். செங்குத்தான இடங்களில் இயந்திரம் போகாது, அங்கே இன்னும் ஆள்தான். ஆள் என்றால் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள், நேபாளத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள்.

நம்மவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், அது நல்லது. ஆனால் பெற்றோர் போனது அப்படி இல்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை இருக்கும் வரைதான் வீடு. அம்மா ஓய்வு பெற்றபோது வீட்டைக் காலி செய்ய எங்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மாதங்கள்தான். முப்பத்திரண்டு வருடம் அவர் கோலம் போட்ட வாசல் அது. அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, எல்லாத் தோட்டத்திலும் அன்று நடந்தது அதுதான். அன்றைக்கு நாங்கள் சாமான் ஏற்றி இறங்கிய இடம்தான் ரிங்லெட். இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படி மேலேயிருந்து இறங்கி வந்தவைதான் என்று தைரியமாகச் சொல்வேன். அதனால்தான் ரிங்லெட்டில் எடுங்கள் என்கிறேன். உங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் பாட்டி யார், தாத்தா எந்தத் தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கடைத்தெருவில் தெரிந்துவிடும். ஒரு ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மாவட்டம் முழுக்க 712 சதுர கிலோமீட்டர், ஆட்கள் ஏறக்குறைய நாற்பதாயிரம். மலாய்க்காரர், சீனர், நாம், பூர்வகுடி மக்கள் எல்லாரும் கலந்த இடம். நாடாளுமன்றத் தொகுதியில் வெகுநாள் தமிழர்கள்தான் உறுப்பினர், 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று மக்களவைக்குப் போன முதல் பூர்வகுடி உறுப்பினர் ஆனார். அந்த வருடம் செமாய் கிராமங்களில் இருந்த சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தேன். ரிங்லெட்டின் பணம் மட்டும் காய்கறியிலும் பூவிலும்தான். கோஸ், தக்காளி, குடைமிளகாய், சலாட், செவ்வந்தி. தவுக்கேமார், அதாவது முதலாளிகள், பெரும்பாலும் சீனர்கள், நம்மவர்களும் சிலர் நன்றாகவே செய்கிறார்கள். நிலம் பலருக்குச் சொந்தம் கிடையாது, வெகுகாலம் வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் இருந்தது. அதனால் நூறு வருடத்துக்கு நிற்கிற மாதிரி யாரும் வடிகால் கட்டுவதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஊர் விழித்துக்கொள்ளும். பழைய லேண்ட் ரோவர்கள் மேலேயிருந்து கூடை கூடையாக இறக்கும், கட்டுகிற கொட்டகையில் லோரி ஏற்றுவார்கள், நாங்கள் இரவோடு இரவாக இறங்கி விடிவதற்குள் செலாயாங் மொத்தச் சந்தையில் நிற்க வேண்டும், சில லோரிகள் நேரே சிங்கப்பூர். நீங்கள் கிள்ளானில் காலையில் வாங்குகிற கோஸ் முந்தின நாள் மத்தியானம் இங்கே மண்ணில் இருந்திருக்கும்.

அதனால் ஒரு விஷயம்: இரவு எட்டு மணிக்கு மேல் லோரிகள் இறங்கும் நேரத்தில் மலை ஏறாதீர்கள். மகனுக்கு வளைவில் வாந்தி வரும், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், வயிறு நிறைய நாசி லெமாக் கொடுத்தும் ஏற்றாதீர்கள். பிஸ்கோத்து போதும். மத்தியானத்துக்குள் மேலே வந்துவிடுங்கள், ரெண்டு மணிக்கு மேல் பனியோ மழையோ கட்டாயம் இறங்கும், முன்னால் போகிற காடியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும்.

குளிர் பற்றிப் பயப்பட வேண்டாம். பகலில் 23, 24, இரவில் 16, 17 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தானா ராத்தாவில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரை போயிருக்கிறது, அந்த மாதிரி நாள் இப்போது வருவதில்லை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் ஜனவரி மாதம் வாயைத் திறந்தால் புகை வரும், இப்போது ரிங்லெட்டுக் கடைகளில் மின்விசிறி விற்கிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பிரச்சினை குளிர் இல்லை, ஈரம். துணி மூன்று நாள் ஆனாலும் காயாது, அலமாரிக்குள் தோல் செருப்பு ஒரு மாதத்தில் பச்சை பூக்கும், புத்தகம் நெளியும், பட்டுப்புடவையை எடுத்து எடுத்து வெயில் காட்ட வேண்டும். மாமியாருக்கு ஆஸ்துமா என்கிறீர்களே, அவருக்கு எதிரி இந்தப் பூஞ்சைதான். அவருடைய அறை காலை வெயில் படுகிற பக்கம் இருக்கட்டும், மெத்தையைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். தோட்டத்தை ஒட்டிய வீடும் வேண்டாம், மருந்து அடிக்கிற நாளில் அவருக்கு ஆகாது, கோழி எரு போடுகிற நாளில் ஈயும் நாற்றமும் யாருக்குமே ஆகாது. வருவதற்கு முன்னால் அவருடைய டாக்டரிடம் மலைக்குப் போவதைச் சொல்லி, மருந்தை ரெண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

சமையலறையில் சில மாற்றங்கள். தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்துவிடும், அகலமான வாய் உள்ள ஜாடியில் வையுங்கள், கரண்டியால் எடுக்கலாம். இட்லி மாவு கிள்ளானில் ஒரு இரவில் பொங்குகிற மாதிரி இங்கே பொங்காது, ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். எங்கள் வீட்டில் மாவுப் பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி, சோற்றுக்குக்கர் பக்கத்தில் வைப்போம், அம்மா காலத்தில் விறகடுப்பின் மேல் பலகையில். இந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பும் கொண்டைக்கடலையும் திறந்த பாத்திரத்தில் வேக ரொம்ப நேரமாகும், பிரஷர் குக்கர் இல்லாமல் வராதீர்கள். காய்கறி மலிவு, மீன் மலிவு இல்லை. கறிவேப்பிலை வேகமாக வளராது, தொட்டியில் வைத்துச் சமையலறை ஜன்னலோரம் வளருங்கள்.

மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரிங்லெட்டில் அரசு கிளினிக் உண்டு, ஆஸ்பத்திரி தானா ராத்தாவில், சுல்தானா ஹாஜா கல்சோம் ஆஸ்பத்திரி. நிபுணர் டாக்டர் என்றால் பெரும்பாலும் கீழே இறங்க வேண்டும். மாவட்ட அலுவலகம், பெரிய கடைகள் எல்லாம் தானா ராத்தாவில். பேருந்தை நம்ப முடியாது, காடி வேண்டும், பிரேக்கும் டயரும் முதல் தரமாக இருக்க வேண்டும். இறங்கும்போது சின்ன கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் தாப்பா போவதற்குள் கருகும் வாசனை வரும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே வண்டிகள் நகராது, கோல்டன் ஹில்ஸ் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கம் போகவே போகாதீர்கள். நாங்கள் அந்த நாட்களில் காலை ஏழுக்குள் மேலே போய் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவோம், பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்கும் அப்படித்தான். தானா ராத்தாவில் வீடு எடுத்தால் இந்த நெரிசலில் விடுமுறைதோறும் மாட்டுவீர்கள், வாடகையும் சுற்றுலாக்காரர்களுக்காக ஏறிக்கிடக்கிறது.

இனி அந்த ஏரியின் நிறத்துக்கு வருகிறேன். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், ஏப்ரல், மே ஒன்று, செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை இன்னொன்று, இரண்டாவதுதான் பொல்லாதது. காடு இருந்த காலத்தில் மழை இலையில் விழுந்து, சருகில் இறங்கி, மெதுவாக ஆற்றுக்கு வரும். இப்போது பிளாஸ்டிக் கூரையில் விழுகிற தண்ணீர் முழுக்க ஒரே நேரத்தில் வாய்க்காலுக்குப் பாய்கிறது, வெட்டிப்போட்ட சரிவின் மண்ணையும் சேர்த்துக்கொண்டு. அந்த மண் ஏரியில் தங்கித் தங்கி அணைக்குத் தண்ணீர் பிடிக்கிற இடம் சுருங்கிவிட்டது, தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம், மழை பெய்து ஏரி நிறைந்து அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டபோது, கீழே பெர்த்தாம் வேலி என்ற பள்ளத்தாக்கில் சேறும் மரமும் காடிகளும் சேர்ந்து வீடுகளுக்குள் புகுந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் செத்துப்போனார்கள். அடுத்த வருடம் நவம்பரில் ரிங்லெட் பக்கமும் மண்சரிவும் சேற்று வெள்ளமும் வந்து உயிர் வாங்கின. அன்று காலை நான் லோரியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது ஒரு வீட்டுச் சுவரில் சேற்றின் கோடு சாமிப்படம் மாட்டியிருந்த ஆணிக்கு மேலே இருந்தது. படத்தைக் காணவில்லை, ஆணி மட்டும் இருந்தது.

இதனால் யாரும் ஊரை விட்டு ஓடவில்லை, நீங்களும் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஆற்றோரம், வாய்க்கால் ஓரம், அணைக்குக் கீழே, இந்த மூன்றும் வேண்டாம், வாடகை பாதியாக இருந்தாலும் வேண்டாம். கடைத்தெருவுக்கு மேலே, சரிவின் நடுவில், பழைய கல் வீடுகளோ அடுக்குமாடியோ கிடைத்தால் நல்லது. வெயில் நாளில் வந்து பார்த்தால் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும், அதனால் மழை பெய்த மறுநாள் காலையில் வாருங்கள். வீட்டுக்குப் பின்பக்கம் போங்கள். வெட்டிய மண் சுவர் இருந்தால் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வடிகால் குழாய்களைத் தேடுங்கள். குழாயே இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். இருந்தால், அதிலிருந்து வருகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வந்தால் சரி. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே சரிவில் மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, சிமெண்டுத் தரையில் புது வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் 2014இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

வீடு பார்க்க எந்தச் சனிக்கிழமை வருகிறீர்கள் என்று எழுதுங்கள், நானும் என் மனைவியும் கூட வந்து பின்பக்கம் பார்க்கிறோம். அம்மாவுடைய பழைய போர்வை இன்னும் இருக்கிறது, முதல் மாவுக்கு அதையே எடுத்துக்கொண்டு போங்கள்.